மூணாம் படியில் தண்ணீர்

ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் ரெத்தினம் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "கைப்பிடி எங்க?" என்பது. பெண்டாட்டி எங்கே என்று கேட்கவில்லை. பெண்டாட்டி பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியும் அவள் காலடியில், ஒயர் கூடைக்குள், துண்டு சுற்றி, ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டடி நீள இரும்பை எதற்காக வார்டுக்குள் கொண்டுவந்தீர்கள் என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டிருக்கிறாள். "வீட்ல வெச்சிட்டு வந்தா இவருக்கு மயக்க மருந்து ஏறாதுங்க" என்று காளியம்மா சித்தி பதில் சொல்லியிருக்கிறாள்.

நானும் நர்ஸ்தான். பெயர் இசைவாணி. கூத்தாநல்லூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. பாட்டே வராதவளுக்கு இந்தப் பெயரை வைத்த அப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை. ரெத்தினம் சித்தப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதனால் தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அறுபது நோயாளிகளை ஒரே ஆளாகப் பார்த்துவிடுவேன். இந்த ஒரு நோயாளி என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து பிரிந்து எங்கள் மேலக்குறிச்சி வழியாக ஓடி, ஏழு கிலோமீட்டர் தள்ளிப் புளியந்திடலில் முடிகிற வாய்க்கால் அவர் பொறுப்பு. வாய்க்கால் பிரிகிற இடத்தை நாங்கள் தலைப்பு என்போம். அங்கே ஒரு பெரிய ஷட்டர். அதைத் திருகி ஏற்றுவது, இறக்குவது, வழியிலுள்ள பதினான்கு மதகுகளையும் முறைப்படி மூடித் திறப்பது, மதகுக்கு மதகு நடக்கும் சண்டைக்கு நடுவில் நிற்பது, இவ்வளவும் அவர் வேலை. ஷட்டரைத் திருகும் கைப்பிடி ஒன்றே ஒன்றுதான். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் யாராவது தனக்கு வேண்டிய அளவுக்குத் திருகிக்கொள்வார்கள். ஆகவே தினமும் சாயங்காலம் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார். முப்பத்தோரு வருஷமாக இதுதான் வழக்கம். கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு தலைப்புக்குப் போய் ஷட்டரை இறக்கிவிட்டு வந்த மனிதர் அவர். சித்தி அன்றைக்கு மாலையும் கழுத்துமாக ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்ததை இப்போதும் சொல்லிக்காட்டுவாள்.

சித்தப்பாவின் அப்பா இதே ஊரில் பண்ணையாளாக இருந்தவர். அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டியே வாழ்நாள் முடிந்தது, சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மகன் கையில் அரசாங்கம் கைப்பிடியைக் கொடுத்தபோது அந்தக் கிழவர் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "கடைசி வயலுக்குப் போயிருச்சான்னு பாத்துட்டுத்தான் நீ சாப்பிடணும்" என்று சொன்னாராம். சித்தப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் மேலமடைக்காரர் யாராக இருந்தாலும் சத்தம்தான். கத்திக் கத்தியே குடலிறக்கம் வந்ததென்பது சித்தியின் கட்சி. இரும்பு ஷட்டரைத் திருகித் திருகி வந்ததென்பது டாக்டரின் கட்சி.

டாக்டர் ஒரு மாத மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு வெயிட் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, முக்கக் கூடாது, கத்தக் கூடாது. நான்காவதைக் கேட்டதும் சித்தப்பா, "அப்ப நான் எப்படிங்க வேலை பாக்கறது?" என்று கேட்டிருக்கிறார். லீவு என்றால் வேலை பார்க்காமல் இருப்பது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். அது சித்தப்பாவுக்குப் புதுச் செய்தி.

அவர் இப்படித் துடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது நாகம்மாள்.

நாகம்மாள் புளியந்திடலில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவள், அதாவது இரண்டு ஏக்கர். புருஷன் இல்லை. அவள் வயல்தான் வாய்க்காலின் கடைசி வயல். அதற்கப்புறம் வடிகால்தான். போன வருஷம் தண்ணீர் அவள் வயலுக்கு வந்தபோது சம்பா நாற்று முற்றிக் கணு விட்டுவிட்டது. நட்டாள், பாதிகூட விளையவில்லை. நிலத்துக்காரர் இந்த வருஷமே வேறு ஆளைப் பார்ப்பதாக இருந்தார், கெஞ்சிக் கூத்தாடி ஒரு போகம் தவணை வாங்கியிருந்தாள். இந்த முறையும் தப்பினால் நிலம் கையை விட்டுப் போய்விடும். ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப்புக்கே வந்து, "அடுத்த வெள்ளிக்கிழமை நடவுக்கு ஆள் சொல்லிட்டேண்ணே" என்றாள். "வியாழக்கிழமையே தண்ணி உன் வயல்ல நிக்கும். நான் பொறுப்பு" என்று சித்தப்பா சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பொறுப்பேற்றவர் மூன்று நாளில் வயிற்றில் ஏழு தையலோடு கட்டிலில் கிடந்தார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் அப்துல் ரஹ்மான். பக்கத்து வாய்க்கால் லஸ்கர், கூத்தாநல்லூர்க்காரர், ஐம்பது வயசுக்கு மேல். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். எதைச் சொன்னாலும் "சரிங்கண்ணே" என்பார். காலையில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து கைப்பிடியை வாங்கிக்கொள்வார். சாயங்காலம் அதைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். நோயாளியின் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை நான் கட்டு மாற்றப் போனபோது அங்கே வீடு இல்லை, ஆபீஸ் இருந்தது. கட்டில் கொல்லைப்பக்க ஜன்னலோரம் நகர்ந்திருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் வாய்க்கால் வரைபடம் போட்ட நோட்டு. ஸ்டூலில் பட்டன் போன், அதற்கு ஒரு ஒயர், ஒயரின் முடிவில் மைக் வைத்த பெரிய ஹெட்செட். அது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவர் மகன் அரவிந்தனுடைய பழைய ஹெட்செட். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல், லுங்கியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு சித்தப்பா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா சித்தப்பா இது?"

"வொர்க் ஃப்ரம் ஹோம்" என்றார். "கொரோனா சமயத்துல அரவிந்தன் இதே கட்டில்ல உக்காந்து ரெண்டு வருஷம் வேலை பாத்தான். யாராச்சும் கேட்டீங்களா?"

"அவனுக்கு வயித்துல தையல் இல்ல."

"அவனுக்கு வாய்க்காலும் இல்ல" என்றார்.

கட்டிலில் கிடக்கிறவருக்கு வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் வாய்க்காலுக்கு இறங்க ஐந்து சிமெண்டுப் படிகள் உண்டு. சித்தி துணி துவைக்கிற இடம், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது. தலைப்பில் அரசாங்கம் அளவுப் பலகை வைத்திருந்தாலும் சித்தப்பாவுக்கு இந்தப் படிதான் கணக்கு. கீழே இருந்து எண்ண வேண்டும். ஒண்ணாம் படி நனைந்தால் மேலமடைக்கு மட்டும் எட்டும். ரெண்டாம் படி நனைந்தால் பாதி வழி. மூணாம் படி நனைந்தால் புளியந்திடல் வரை தாராளமாகப் போகும். நாலு என்றால் கரை ஊற ஆரம்பிக்கும், உடனே ஷட்டரை இறக்க வேண்டும். மணிக்கொரு தரம் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "காளி! படி எத்தினி?" என்று கூப்பிடுவார். சித்தி அடுப்பை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி உள்ளபடி சொன்னாள். "ஒண்ணுதாங்க."

"ஒண்ணா!"

ஆற்றில் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். புரட்டாசி வெயில் வேறு. நான் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் கட்டிலில் ஆள் இல்லை. ஹெட்செட் ஒயர் போனை இழுத்துக்கொண்டு வாசற்படியில் தொங்க, நோயாளி கொல்லையில் நாலாம் படியில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கட்டுத் துணியில் பச்சை மிளகாய் அளவுக்கு ரத்தம். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்காலிலேயே தள்ளிவிட்டிருப்பேன், திரும்பக் கட்டுப் போட வேண்டியவளும் நான்தான் என்பதால் தள்ளவில்லை. கொண்டுவந்து படுக்க வைத்துத் துடைத்துக் கட்டிவிட்டு, சித்தியை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சித்தி, இனிமே அவர் எப்பக் கேட்டாலும் மூணுன்னே சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"தையல் பிரிஞ்சா மறுபடியும் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டு ஓடணும். பரவாயில்லையா?"

சித்தி அரிவாள்மனையைப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். சரி என்றுதான் அர்த்தம்.

திங்கட்கிழமையிலிருந்து மேலக்குறிச்சி வாய்க்காலில் மூணாம் படி தவறாமல் நனைந்தது. காலையில் மூணு, மத்தியானம் மூணு, சாயங்காலம் மூணு. சித்தப்பா நிம்மதியாகப் படுத்தார், கஞ்சி குடித்தார், புண் ஆறியது. எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

நான் யோசிக்காதது ஒன்று. சித்தப்பா அந்தப் படியை நம்பி உத்தரவு போடுவார் என்பது. "மூணு படி ரெண்டு நாளா நிக்குதுன்னா கரை தாங்காது பாய். ஷட்டரை ரெண்டு சுத்து இறக்குங்க" என்று ஹெட்செட்டில் அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இருக்கிற தண்ணீரே ஒரு படி. அதையும் இறக்கினால் நாகம்மாள் கதி என்ன? மறுமுனையில் ரஹ்மான் பாய் வழக்கம்போல் "சரிங்கண்ணே" என்றார்.

ஊர்க்காரர்கள் வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தார்கள், சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் ஆனவரை வெறுங்கையோடு பார்க்க வரக் கூடாது. சண்டைக்கு வந்தாலும் ஆர்லிக்ஸ் பாட்டிலோடுதான் வர வேண்டும். அப்படி வந்து, பாட்டிலை வைத்து, உடம்பை விசாரித்து, தழும்பின் நீளத்தைக் கேட்டு, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான், "வாய்க்கால்ல தண்ணியே காணுமே ரெத்தினம்" என்று ஆரம்பித்தார்கள். புதன்கிழமைக்குள் அலமாரியில் ஒன்பது ஆர்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. சித்தப்பா ஒருவரையும் நம்பவில்லை.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு விவசாயி தண்ணி போதும்னு சொல்லி நான் கேட்டதில்ல வாணி. கழுத்து வரைக்கும் நின்னாலும் காணலம்பான். காளிக்கு ஒரு குழி நிலம் உண்டா? பொய் சொல்ல அவளுக்கு என்னா இருக்கு?"

நான் கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நாகம்மாள் போன் பண்ணினாள். ஹெட்செட்டில் சத்தம் கூடுதலாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. "அண்ணே, வாய்க்கால்ல நண்டு ஓடுது, தண்ணி ஓடல. நாத்துக்கு முப்பத்தஞ்சு நாள் ஆச்சு. வெள்ளிக்கிழமை நடலன்னா ஆளுங்க வேற ஊருக்குப் போயிருவாங்க. அப்புறம் பத்து நாள் ஆவும்." அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குற்றமாக இருந்திருக்காது.

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இங்கே மூணு படி, அங்கே நண்டு என்றால் நடுவில் யாரோ முழுங்குகிறான் என்று அர்த்தம். யார் என்று யோசிக்க அவருக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. ஐந்தாம் மதகு துரைராசு. ஒரு வேலி, அதாவது ஏழு ஏக்கருக்குக் கிட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர், வாய்க்காலின் குறுக்கே வாழைமட்டையும் வைக்கோலும் போட்டு அடைத்துத் தன் மதகுக்குத் தண்ணீரைத் திருப்புவதில் பேர்போனவர். இருவருக்கும் முப்பது வருஷப் பகை. சித்தப்பா அவரை போனில் பிடித்து, டாக்டர் சொன்ன நான்காவது தடையை மீறினார். நான் ஒரு கையால் அவர் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழைப் பொம்பள நாத்து கருகட்டும், உங்க வயல்ல மட்டும் மீன் துள்ளட்டும், அப்படித்தானே? மதகை மூடுங்க! இல்லன்னா நாளைக்கு நானே வருவேன், தையலோட வருவேன்!"

மறுமுனையில் "காலையில வந்து பேசறேன்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

நான் வேர்த்துப்போய்க் கொல்லைப்பக்கம் வந்தேன். சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், பாவம் போதும் என்று நினைத்து வந்தால், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ரஹ்மான் பாயின் டி.வி.எஸ். ஃபிஃப்டி நின்றுகொண்டிருந்தது. படியில் சித்தி, மேலே கரையில் பாய், இருவரும் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஷட்டர் முழுசா ஏத்தினபடியே இருக்கு அண்ணி. பதிமூணு மதகும் மூடியாச்சு. ஒம்பதாவதுல கொஞ்சம் கசியுது."

"அதுக்கு நம்மகூட நடற தங்கமணியோட கொழுந்தன் களிமண்ணு வெப்பான், சொல்லிட்டேன். பதினாலாவதை மட்டும் தொறந்து வெச்சிருங்க பாய், அது நாகம்மாளோடது. அவர் இறக்கச் சொன்னாரே, என்னா சொன்னீங்க?"

"சரிங்கண்ணேன்னேன்."

என்னைப் பார்த்ததும் பாய் வண்டிப் பக்கம் நகர்ந்தார். சித்தி அசையவில்லை. "ஒத்தப் படித் தண்ணி வாணி. எல்லாரும் வழியில மொண்டுகிட்டா கடைசிக்கு என்னா போவும்? மூணு நாளைக்கு யாரும் தொறக்காம இருந்தாத்தான் போய்ச் சேரும். அதான் மூடச் சொன்னேன்."

"நீங்க சொல்லி யாரு கேப்பாங்க?"

"ஆம்பளைங்க கிட்ட யாரு சொன்னா?" என்றாள் சித்தி.

விஷயம் இவ்வளவுதான். சித்தி ஊர் நடவு செட்டில் இருபத்தைந்து வருஷமாக நடுகிறவள். பதினெட்டுப் பெண்கள், சித்திதான் தலைவி. வெள்ளிக்கிழமை நாகம்மாள் வயல், சனிக்கிழமை துரைராசுவின் மிச்ச நிலம், ஞாயிறு இன்னொருவர் என்று வரிசை போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை சித்தி ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்பக்கமும் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். புளியந்திடல் நடவு முடியாமல் செட்டு அடுத்த வயலில் இறங்காது. புளியந்திடலுக்குத் தண்ணீர் வருவது உங்கள் வீட்டு மதகு மூடியிருப்பதைப் பொறுத்தது. யாருக்குச் சொன்னாளோ அவர்கள் எல்லாம் வீட்டுப் பெண்கள். அவரவர் வயலில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது, மூன்று நாள் மூடினால் ஒன்றும் குறையாது என்பதும், நடவு ஆள் போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மதகெல்லாம் ஒரே ராத்திரியில் மூடிக்கொண்டன. முப்பது வருஷம் கத்தி நடக்காதது.

"சித்தப்பாகிட்ட சொல்லிடலாம் சித்தி. அவர் துரைராசுவைத் திட்டி, அந்தாளு காலையில வர்றாரு."

"வரட்டும். சொன்னா அவர் எழுந்திருச்சிருவாரு. நாளைக்கு நீ தையலைப் பிரிச்சிடு, அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

வியாழக்கிழமை காலை நான் தையல் பிரிக்கப் போனேன். நாலு தையல் எடுத்து ஐந்தாவதில் கத்தரியை வைத்தபோது வாசலில் புல்லட் சத்தம். துரைராசு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, முகம் உர்ரென்று இருந்தது. கையில் ஆர்லிக்ஸ். பத்தாவது பாட்டில். இரண்டு சீப்புப் பழம் வேறு.

"உடம்பு எப்படி இருக்கு ரெத்தினம்?" என்று கடுகடுவென்று கேட்டார்.

"பரவாயில்லிங்க. உக்காருங்க" என்று சித்தப்பாவும் அதே கடுகடுப்போடு சொன்னார்.

"தழும்பு பெரிசா?"

"நாலு அங்குலம்."

"எங்க மச்சானுக்கு ஆறு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். சம்பிரதாயம் முடிந்தது. பாட்டிலை ஸ்டூலில் டொக்கென்று வைத்தார்.

"நேத்து என்னா பேச்சு பேசினீங்க? என் மதகு செவ்வாய்க்கிழமையிலேருந்து மூடிக் கெடக்கு, தெரியுமா? நான் மூடல. எங்க வீட்டு ஜெயபாரதி மூடிட்டா. பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்புல சொருகிட்டா. என் மதகை நான் தொறக்க என் பெண்டாட்டிகிட்ட நிக்கறேன். கேட்டா, காளியம்மாக்கா சொல்லிருக்காங்கங்கறா. உங்க வீட்டுல உத்தரவு போட்டுட்டு எனக்கே போன் பண்ணித் திட்டுவீங்களா?"

சித்தப்பா திறந்த வாயை மூடவில்லை. "மூணு படித் தண்ணிக்கு எதுக்குங்க மதகு மூடணும்?"

"மூணு படியா? எந்த ஊர்ல? வாய்க்கால்ல ஒரு படிதான்யா போவுது! நானே பாத்துட்டுத்தான் வரேன்."

நான் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் மூன்று தையல் பாக்கி இருந்தது. அவர் எழுந்திருக்க முயற்சி பண்ணவில்லை. அடுப்படி வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தார். சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"காளி. ஞாயித்துக்கிழமையிலேருந்து படி எத்தினி?"

"ஒண்ணுதாங்க" என்றாள் சித்தி. "சில நேரம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொன்னியா?"

"நான்தான் சொல்லச் சொன்னேன் சித்தப்பா" என்று நான் இடையில் விழுந்தேன். "தையல் பிரிஞ்சிரும்னு. மதகு மூடினதெல்லாம் சித்தியோட யோசனை. அது எனக்கே நேத்துதான் தெரியும்."

"நான் இறக்கச் சொன்ன ஷட்டர்?"

கைப்பிடியை வாங்க வந்து வாசலிலேயே தயங்கி நின்ற ரஹ்மான் பாய்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "ஏத்தித்தாண்ணே இருக்கு. மன்னிச்சிருங்கண்ணே."

ஐந்து நாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காது வலிக்க வலிக்க வேலை பார்த்த மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். துரைராசுவுக்கே சங்கடமாகிவிட்டது. "சரி, உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லி, ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் போனார். மிச்சம் மூன்று தையலையும் சித்தப்பாவை அந்தப் பக்கமாகவே படுக்க வைத்து எடுத்தேன். வலித்திருக்கும். முனகவில்லை. அன்று முழுக்க அவர் ஒரு தடவைகூடப் படியைக் கேட்கவில்லை என்று சித்தி சாயங்காலம் வேலியோரம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். "திட்டினாக்கூட நல்லா இருக்கும் வாணி. கம்முனு கெடக்குறாரு" என்றாள். எனக்கு அவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தண்ணீர் போய்ச் சேருமா சேராதா என்பதுகூட அப்போது தெரியாது. ஏழு கிலோமீட்டர், ஒற்றைப் படித் தண்ணீர், காய்ந்த வாய்க்கால். குடிக்கிற மண்ணெல்லாம் குடித்துத் தீர்த்த பிறகுதான் விடும்.

வெள்ளிக்கிழமை டியூட்டிக்குப் போகிற வழியில் ஏழரை மணிக்கு எட்டிப் பார்த்தேன். சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஹெட்செட் தலையில் இருந்தது, யாரையும் கூப்பிடவில்லை. சித்தி இட்லி வைத்துக்கொண்டிருந்தாள், இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நேரம் போன் அடித்தது. நாகம்மாள்.

சித்தப்பா பட்டனை அழுத்தினார்.

முதலில் பேச்சு வரவில்லை. குலவைதான் வந்தது. நடவு தொடங்கும்போது பெண்கள் சேர்ந்து போடுகிற குலவை, பதினேழு பெண்களின் தொண்டை, அந்த அறை முழுக்கக் கேட்டது. ஹெட்செட்டைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நாகம்மாளின் குரல், மூச்சு வாங்க வாங்க: "அண்ணே! விடிகாலையில வந்துருச்சுண்ணே! கணுக்கால் அளவு நிக்குது! மொத நாத்து முடி இப்பத்தான் வெச்சாங்க! எல்லாரும் அக்காவத்தான் தேடறாங்க, அக்கா இல்லாம நடறது இதான் மொத தடவையாம். அக்காகிட்ட குடுங்கண்ணே!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒளிக்கவில்லை. சித்தப்பா ஹெட்செட்டைக் கழற்றி, "காளி, இங்க வா" என்றார். சித்தி பக்கத்தில் வந்ததும் அதை அவள் தலையில் மாட்டிவிட்டார். மாட்டத் தெரியவில்லை. கொண்டை தடுத்தது, மைக் நெற்றிக்கு வந்துவிட்டது. சித்தி நெற்றியைப் பார்த்துப் பேசுகிறவள்போல் கண்ணை உயர்த்திக்கொண்டு, "நாகம்மா! முத்துன நாத்து, நெருக்கி நடச் சொல்லு. குத்துக்கு நாலஞ்சு வை. மதியத்துக்குச் சோறு ஆக்கிட்டியா?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். இந்த வீட்டில் கத்தத் தடை ஒருவருக்குத்தான்.

பேசி முடித்து அவள் ஹெட்செட்டைக் கழற்றப் போனபோது சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"படி எத்தினி?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராகப் போய் நின்றுகொண்டேன்.

"ஒண்ணுதாங்க" என்றாள் சித்தி. "அதுலயும் பாதி."

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்கடியிலிருந்த கைப்பிடியைக் காலால் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"அப்ப என்னா செய்யலாம்?" என்று கேட்டார்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. சித்தி பதில் சொல்ல அவசரப்படவில்லை. இன்னும் ஹெட்செட்டோடுதான் நின்றாள். மேலே அலமாரியில் வரிசையாக நின்ற பத்துப் பாட்டில்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திருகினாள்.

"பாய் வரட்டும், அவருகிட்ட சொல்லிக்கறேன்" என்றாள். "நீங்க ஆர்லிக்ஸைக் குடிங்க."